நிர்மலனின் சுயவிபரக் கோவை

போன கிழமை என் அண்ணனின் மகள் சீவி என்கிற தன் சுயவிபரக் கோவையைக் கைபேசியில் அனுப்பியிருந்தாள். கொழும்பில் ஏதோ ஒரு கம்பனிக்கு விண்ணப்பிக்கிறாளாம். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இடப்பக்கம் முழுக்க நீலத்தில் ஒரு பட்டை. அதன் உச்சியில் ஒரு வட்டத்துக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே மொழிகள் என்று போட்டு, ஒவ்வொரு மொழிக்கும் எதிரே குட்டிக் குட்டிப் புள்ளிகள். தமிழுக்கு ஒரு புள்ளி குறைவாக நிரப்பியிருந்தாள்.

தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தமிழிலை ஒரு புள்ளி எங்கை பிள்ளை போனது?"

"எல்லாம் நிரப்பினால் பெருமையடிக்கிற மாதிரி இருக்கும் மாமி."

"சரி. நிரந்தர முகவரியைக் காணேல்லை?"

"உதெல்லாம் இப்ப ஆரும் போடுறேல்லை. மெயில் இருந்தால் காணும்."

அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். காலம் அவளுடையது. நான் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அந்தக் கருகல் மணத்தோடு நின்றுகொண்டு நான் வேறெங்கோ போய்விட்டேன்.

உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள், நானும் ஒரு காலத்தில் மற்றவர்களுக்குச் சுயவிபரக் கோவை எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவள். உயர்தரப் பரீட்சையில் எடுத்த புள்ளி பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குப் போதாமல் வீட்டில் இருந்தபோது, பண்டத்தரிப்புச் சந்திக்குப் பக்கத்தில் யோகண்ணை வைத்திருந்த கடையில் தட்டச்சு வேலை கிடைத்தது. கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்க ஒரு பலகைக் கூண்டு, போட்டோக்கொப்பி இயந்திரம் ஒன்று, கணினி ஒன்று, அதற்கு முன்னால் நான். யுத்தத்தால் கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்த காலம். கடதாசி வருவதும் அருமை, கரண்டு வருவதும் அருமை. பின்பக்கம் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் ஒன்று இருமிக்கொண்டு நிற்கும். இன்றைக்கும் எங்கேயாவது மண்ணெண்ணெய் மணம் வந்தால் எனக்கு அடுப்பு நினைவுக்கு வராது. 'பிறந்த திகதி' என்ற சொல்தான் வரும்.

ஆங்கிலத்தில் நான் அப்படியொன்றும் புலி இல்லை. ஒரு பாலர் பாடசாலை வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளை ஒருத்திக்கு, இவர் கடினமாக உழைப்பவர் என்று எழுத வெளிக்கிட்டு, 'ஹார்ட்' என்ற சொல்லில் இரண்டு எழுத்தைக் கூட்டி 'ஹார்ட்லி' என்று போட்டு, இவர் உழைப்பதே அருமை என்று அடித்து அனுப்பிவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்து அம்மா நேர்முகத்தில் அதை வாசித்துச் சிரித்துவிட்டு, உண்மை பேசுகிற பிள்ளை என்று அவளையே எடுத்துக்கொண்டாராம். யோகண்ணை அந்தக் கதையைக் கடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னார். கைராசிக்காரி என்று எனக்குப் பெயரும் வந்துவிட்டது.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் தானும் வந்ததாக நிர்மலன் சொன்னான்.

மயிலிட்டிப் பெடியன். சின்ன வயதில் ஊரைவிட்டு எழும்பினவர்கள். கடற்கரையோடு ஊர் முழுக்க இராணுவத்தின் வேலிக்குள் போய்விட்டது. தகப்பன் நோய் வருத்தத்தில் போய்விட்டார். தாயும் தங்கச்சி சுகந்தியும் இவனுமாகப் பண்டத்தரிப்பில் ஒரு உறவினரின் காணி மூலையில் கொட்டில் போட்டு இருந்தார்கள். தாய் தங்கேஸ்வரி சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பவர். பரம்பரையாகக் கடலுக்குப் போன குடும்பத்தில் மேசையிலிருந்து வேலை செய்யப் புறப்பட்ட முதல் ஆள் இவன்தான். பட்டணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள்.

ஆள் மெலிவு. இடது புருவத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு தழும்பு. சின்னதில் வள்ளத்து விளிம்பில் அடிபட்டதாம். கதிரையில் நுனியில்தான் இருப்பான்.

"நிரந்தர முகவரி?" என்று கேட்டேன்.

"மயிலிட்டி வடக்கு, மயிலிட்டி."

யோகண்ணை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, அங்கை இப்ப காகமும் போகேலாது. உதைப் போட்டால் பாக்கிறவன் என்ன நினைப்பான்? இஞ்சத்தை விலாசத்தைப் போடு."

"இஞ்சத்தையான் தற்காலிகம் அண்ணை. நிரந்தரம் எண்டு கேட்டால் அதுதானே."

அப்படியே அடித்தேன். பிறகு படிப்பு. சாதாரணதரப் பரீட்சை எடுத்த ஆண்டு வயதுக்குப் பிந்தியிருந்தது. நடுவில் என்ன செய்தீர்கள் என்று நேர்முகத்தில் கேட்பார்கள் என்றேன். அவன், "இடம்பெயர்ந்து திரிஞ்சம். அதை இங்கிலீசிலை வடிவாச் சொல்ல ஏலுமோ?" என்றான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்கு வடிவான சொல் இருக்கவில்லை. ஒன்றும் எழுதாமல் விட்டோம்.

பொழுதுபோக்கு என்ற இடத்தில் கடலைப் பார்ப்பது என்று போடச் சொன்னான். யோகண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"உதெல்லாம் ஒரு பொழுதுபோக்கோடா? வாசிப்பு எண்டு போடு. பத்திரிகை வாசிக்கிறனிதானே."

"வாசிப்பும் போடுங்கோ," என்று என்னைப் பார்த்துச் சொன்னான். "ஆனால் கடலை எடுக்காதேங்கோ."

அவனைப் பற்றி நற்சாட்சி சொல்ல உறவினர் அல்லாத இருவரின் பெயர் வேண்டும் என்றபோதுதான் ஆள் முழித்தான். அவனைப் படிப்பித்த அதிபர் கனடாவில். அடுத்த அதிபர் எங்கே என்றே தெரியாது. கடைசியில் ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரையும் ரியூசன் வாத்தியார் ஒருவரையும் பிடித்தான். அவர்களிடம் சம்மதம் கேட்டு வர ஒரு நாள், தொலைபேசி இலக்கம் வாங்கி வர ஒரு நாள், அதில் ஒரு இலக்கம் பிழை என்று திருத்த இன்னொரு நாள். பிறகு ஒரு காற்புள்ளி தவறிப்போய்விட்டது என்று வந்தான். எந்தக் காற்புள்ளி என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை.

"உவன் சீவி எழுதுறானோ, காவியம் எழுதுறானோ?" என்று யோகண்ணை ஜெனரேற்றரைப் பார்த்துக் கேட்டார். நான் குனிந்து விசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய சைக்கிள் ஸ்டாண்ட் தட்டுகிற சத்தம் எனக்குத் தெரியும் என்பதை வேறு யாருக்கும் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. எங்களுக்குள் பேச்சு கடைசிவரை 'நீங்கள்'தான்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நேர்முக நாளன்று காலையில் சான்றிதழ்களைப் போட்டோக்கொப்பி எடுக்கக் கடைக்கு வந்தான். வெள்ளைச் சேட்டு, கறுத்தக் காற்சட்டை, காலில் செருப்பு. யோகண்ணை அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் கலியாணத்துக்கு வாங்கின சப்பாத்தைக் கொண்டுவந்தார். அது பெரிது. பழைய கடதாசியைச் சுருட்டி நுனியில் அடைத்து, போட்டு நடக்கச் சொல்லி, கடைக்குள் இரண்டு தரம் நடக்கவிட்டார். கொக்கு நடப்பதுபோல இருக்கிறது என்று நான் சொன்னேன். சிரித்தான்.

போகும்போது என் மேசைக்குக் கிட்ட வந்து, "வேலை கிடைச்சால் முதல் உங்களிட்டைத்தான் சொல்லுவன்" என்றான்.

"அம்மாவிட்டை முதல் சொல்லுங்கோ."

"அம்மாவுக்கும் ஒரு கதை சொல்லக் கிடக்கு. வேலை வந்தாப் பிறகு சொல்லலாம் எண்டு வைச்சிருக்கிறன்." என் முகத்தைப் பார்க்காமல் பைலைத் தட்டிச் சரிசெய்தான். "சரி, போட்டு வாறன்."

மினிபஸ்ஸில் ஏறிப் போனான்.

நேர்முகத்துக்குப் போயிருக்கிறான். நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறான். அவர்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி, பைலோடு வெளியே வந்திருக்கிறான். பஸ் நிலையத்துப் பக்கம் நடந்துபோனதை ஒருவர் கண்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை.

அந்த நாட்களில் அப்படிப் போனவர்கள் பலர். பட்டப்பகலில், சனம் நடமாடுகிற தெருவில், ஒரு வாகனம் வந்து நின்று போனால் அந்த இடத்தில் நின்ற ஆள் இருக்கமாட்டான். யார் கொண்டுபோனது என்று ஒருவரும் உரத்துக் கேட்பதில்லை.

அடுத்த நாள் கடை திறக்கும்போது தங்கேஸ்வரியம்மா வாசலில் நின்றார். வழமையாக அவர் கடைக்குள் வரமாட்டார். மீன் மணக்கும், கடதாசியில் பிடித்துவிடும் என்று வெளியே நின்றுதான் மகனைக் கூப்பிடுவார். அன்று உள்ளே வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, அவன்ரை பேப்பர் உந்தப் பெட்டிக்குள்ளை கிடக்கோ? அவனைப் பற்றி எல்லாம் அதிலை எழுதினது எண்டு சொன்னவன். போற இடமெல்லாம் விவரம் கேக்கிறாங்கள். எனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியேல்லை."

அச்சடித்துக் கொடுத்தேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார், இராணுவ முகாம்களின் வாசலில் நின்றார், மனித உரிமை அலுவலகத்துக்குப் போனார். பின்னேரம் திரும்பி வந்து, அவர்கள் உயரம் கேட்கிறார்கள், அடையாளம் கேட்கிறார்கள், உடுப்பு கேட்கிறார்கள், ஒன்றும் இதில் இல்லையே என்றார். நான் மறுபடியும் கோப்பைத் திறந்தேன். வேலைக்கு எழுதுகிற சுயவிபரக் கோவையில் அதெல்லாம் இருக்காது. பிறந்த திகதிக்குக் கீழே உயரம் என்று ஒரு வரி சேர்த்தேன். இடது புருவத்தில் தழும்பு. வெள்ளைச் சேட்டு, கறுத்தக் காற்சட்டை, அளவில் பெரிய கறுப்புச் சப்பாத்து. சப்பாத்து என்ற சொல்லை அடிக்கும்போது யோகண்ணை எழும்பிப் பின்பக்கம் போய்விட்டார். ஜெனரேற்றர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெடுநேரம் அதற்குப் பக்கத்திலேயே நின்றார்.

எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது, அவ்வளவு கடதாசித் தட்டுப்பாடு. தேவையில்லாததை எடுக்கலாமா என்று கேட்டேன். மொழிகள், பரீட்சைப் பெறுபேறு, இவற்றை.

"படிப்பை எடுக்காதை பிள்ளை," என்றார் தங்கேஸ்வரியம்மா. "இங்கிலீசும் தெரியும் எண்டது இருக்கட்டும். படிச்ச பெடியன் எண்டு கண்டால் அடிக்கமாட்டாங்கள்."

நான் எழுத்தைச் சிறிதாக்கினேன். ஒரு வரியையும் எடுக்கவில்லை.

மாதம் முடியும் நேரத்தில் அவர்களுடைய விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கேஸ்வரியம்மா அதை உடைக்காமல் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார். அவனைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். உடைத்து வாசித்தேன். வேலைக்கு அவனைத் தெரிவு செய்திருந்தார்கள். முதலாம் திகதி வந்து பொறுப்பேற்கட்டாம்.

அதை எப்படி அவருக்குச் சொன்னேன் என்று எனக்கு இப்போது நினைவில்லை. அவர் அழவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. "எடுபட்டிட்டானோ?" என்று கேட்டார். முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் பார்த்திருக்கவே கூடாது.

முதலாம் திகதி நானும் அவரும் அந்த நிறுவனத்துக்குப் போனோம். அவர் சந்தைக்குப் போகாமல் தலை தோய்ந்து, நல்ல சேலை உடுத்து வந்தார். அங்கே பொறுப்பாக இருந்த பெண், நடந்ததை அறிந்திருந்தார். எங்களை இருத்தித் தண்ணீர் தந்தார்.

"அம்மா, கடிதம் முதலே தயாரானது. நிப்பாட்ட எங்களுக்கு மனம் வரேல்லை."

"நிப்பாட்டாதேங்கோ தங்கச்சி," என்றார் தங்கேஸ்வரியம்மா. "அவன் வருவான். கொஞ்ச நாள் பொறுங்கோ. வந்தவுடனை நானே கூட்டிக்கொண்டு வாறன். லீவு எண்டு போட்டுவையுங்கோ."

அந்தப் பெண் எழும்பிப் போய், அடுத்த அறையில் ஒரு மேசையைக் காட்டினார். இதுதான் அவருக்கு ஒதுக்கியது என்றார். தங்கேஸ்வரியம்மா கதிரையைத் தொட்டுப் பார்த்தார். மேசையில் தூசி கிடக்கிறதா என்று விரலால் தடவினார். யன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல காத்து வரும், என்ன?" என்றார்.

மூன்று மாதம் அந்த இடத்தை வெறுமையாக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். பிறகு வேறொருவரை எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

யுத்தம் முடிந்தது. தடுப்பு முகாம்களிலிருந்து ஆட்கள் விடுபட்டு வந்தார்கள். விசாரணைக்கு என்று ஒரு குழு வரும், பெயர் பதியும், போகும். பிறகு இன்னொரு குழு வரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தங்கேஸ்வரியம்மா கடைக்கு வந்து புதிதாக ஒரு பிரதி கேட்பார். வயதை மாற்ற வேண்டும். அதில் அவர் வலு கவனம். ஒருமுறை நான் மாற்றி அடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"அரசாங்க வேலைக்கு வயசு எல்லை ஒண்டு வைச்சிருக்கிறாங்களாமே பிள்ளை. இவன் வரேக்கை அது தாண்டிப்போடுமோ?"

"தாண்டாதம்மா," என்றேன்.

எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும், சொல்லுங்கள்.

எனக்குக் கலியாணம் கரவெட்டியில் பொருந்தியது. தங்கேஸ்வரியம்மா வந்திருந்தார். பந்தலில் மற்றவர்கள் எல்லாரும் வாழ்த்திப் போன பிறகு, கடைசியாக வந்தார். என் முகத்தை நிமிர்த்தி நாடியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். நிர்மலன் தாயிடம் சொல்ல வைத்திருந்த கதை என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கை கழுவி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத்தான் வந்திருப்பார். ஆனாலும் அந்தக் கையில் மீன் மணத்தது. நான் முகத்தை விலக்கவில்லை.

யோகண்ணை மகனிடம் வெளிநாட்டுக்குப் போனார். கடையை விற்றார். கணினி அதற்கு முன்னமே செத்துவிட்டது. திருத்துகிற இடத்தில் கொடுத்துப் பார்த்தோம், உள்ளே இருந்த ஒன்றையும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பண்டத்தரிப்பில் அரைவாசிப் பேரின் பிறந்த திகதியும் படிப்பும் அதற்குள் இருந்தன.

மயிலிட்டியைத் திறந்துவிட்டபோது தங்கேஸ்வரியம்மா முதல் ஆட்களில் ஒருவராகப் போனார். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. கிணற்றை வைத்துத்தான் காணியை மட்டுக்கட்டினாராம். வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறையோடு ஒரு வீடு கட்டினார். நான் பார்க்கப் போனபோது மற்ற அறையைத் திறந்து காட்டினார். ஒரு கட்டில், புதுத் தலையணை, பிளாஸ்ரிக் உறை கழற்றாமல். சுகந்தி பக்கத்துத் தெருவில் கலியாணம் செய்து இருந்தாள். அவளுடைய பிள்ளைகள் கூட அந்தக் கட்டிலில் ஏறக்கூடாது.

இந்த வருடம் மாரி தொடங்கும் முன் தங்கேஸ்வரியம்மா போய்விட்டார். சந்தையிலிருந்து வந்து படுத்தவர் எழும்பவில்லை. சுகந்திதான் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, அம்மாவின்ரை நோட்டீஸ் நீங்கள்தான் எழுதித் தரவேணும். எனக்குக் கை ஓடேல்லை."

எங்கள் ஊர்களில் மரண அறிவித்தல் எழுதுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பிறந்த இடம், வாழ்ந்த இடம், இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார். இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று வரும். இருப்பவர்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு வரும். கனடா, லண்டன், பிரான்ஸ் என்று. அந்த ஒழுங்கில் எழுதிக்கொண்டு வந்தேன். கணவரின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று எழுதினேன். மகனின் பெயரை எழுதினேன். முன்னால் எதுவும் போடவில்லை. அச்சகத்துக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அச்சகத்துப் பெடியன் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, மகன் நிர்மலனுக்குப் பக்கத்திலை அடைப்புக்குள்ளை என்ன போடுறது? எந்த நாடு?"

"ஒண்டும் போடாதேங்கோ தம்பி."

"அப்ப இஞ்சையோ இருக்கிறார்?"

"பேரை மட்டும் போடுங்கோ. அப்பிடியே இருக்கட்டும்."

சுகந்தியின் மூத்தவன் கொள்ளி வைத்தான். தூரத்திலிருந்து வந்த ஒரு மனிதர் நோட்டீசை வாசித்துவிட்டு, மகன் ஏன் வரவில்லை, விசாச் சிக்கலோ என்று என்னிடம் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் அனுதாபத்தோடு, உந்த நாடுகளிலை உதுதான் கரைச்சல் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. சுகந்தி ஆசுப்பத்திரியில் வேலை செய்பவள். அன்று லீவு கிடைக்கவில்லை. நான் தனியேதான் போனேன். மண்டபத்தில் முன்பு நிரம்பி வழிந்த கதிரைகளில் பாதி வெறுமையாகக் கிடந்தன. வந்திருந்த தாய்மார் எல்லாரும் பொல்லூன்றும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாய் எழும்பினார். நிர்மலனின் பெயரை வாசித்துவிட்டு, "தாய் வந்திருக்கிறாவோ?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். இன்ன உறவு என்று சொல்லி எழும்ப எனக்கு ஒரு பெயர் இருக்கவில்லை. தங்கேஸ்வரியம்மாவின் சிநேகிதி ஒருவர் முன்வரிசையிலிருந்து, "அவ செத்துப்போட்டா" என்றார். பெயர் வாசித்தவர் அந்தப் பெயருக்கு நேரே பேனையால் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பெயரை வாசித்தார்.